பொறுத்தலும் மறைத்தலும்

துன்பத்தைப் பொறுத்தல் நன்றென்பதை மறுப்பார் எவருமிலர். பாடசாலைகளிலே நாம் அதனை நாடோறும் போதிக்கின்றோம். விளையாட்டிடத்தில் விழுந்து முழங்காலிற் காயம்பட்டு வரும் பிள்ளையை நோக்கி, அழாதே, பொறுத்துக்கொள் என்கின்றோம். ஆயினும், பொறுத்தலாவது யாது என ஒருவர் நம்மை வினாவின், உடனே விடை கூறுதல் எளிதன்று. வாய்திறவாதிருத்தல் பொறுத்தலாகுமா? நோவில்லாதார்போல நடத்தல் பொறுத்தலாகுமா? நோவைப் பிறர்க்கு உரைத்தல் பொறுமையின்மையாகுமா? இவ்வினாக்களை நாம் நூல்களினின்றும் எடுக்கவில்லை. நம்முடைய பாதங்களே இவற்றை நம்மிடம் வினாவின. அவ்வரலாற்றை ஆசிரியர்களாகிய நம் சகோதரர்க்கு உரைத்தல் பயனுடைத்தென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

நமக்கு நீரிழிவு என்னும் நோய் உண்டென்று அறியப்பட்டு இப்போது 14 வருடங்களாயின. நம்மூரார் இதனைச் சலரோகம் என்றும், சீனி வருத்தம் என்றும் வழங்குவர். முதற் சில வருடங்களில் இந்நோய் நம்மை வருத்தவில்லை. வருத்தாத நோயை நோயென்று மதிப்பார் சிலரே. குளிசையைச் சிலநாள் உண்டும், சிலநாள் மறந்தும், விழாக்காலங்களிற் சர்க்கரைப் பொங்கலை மறாதும் காலங்கழித்தோம். எட்டாம் வருடத்தில் ஓரிரவு, பெருவிரல்களின் நுனியில் எறும்பு ஊர்வதுபோல ஓருணர்ச்சி தோன்றிற்று. எழுந்து விளக்கேற்றிப் பார்த்தோம், எறும்பு இல்லை. சில மாதங்களில் அந்த ஊரல் எரிவாயிற்று. எரிவு உள்ளங்காலெங்கும் பரந்தது. இடையிடையே ஊசியாற் குத்தினாற்போலவும், மின் தாக்கினாற்போலவும் ஒரு நோ கணைக்காலளவும் பாய்ந்து மறையும். பகலில் மாணாக்கர் ஓசையின் நடுவே அதனை ஒருவாறு மறந்திருப்போம். இரவிற் பாயிற் கிடந்தவுடன் அஃது எழும். போர்வையின் விளிம்பு விரலிற் படுதலும் தாங்கொணாததாயிற்று. சீமெந்து நிலத்திற் பாதங்களை ஊன்றியபடி விடியுமளவும் கதிரையில் இருந்த இரவுகள் பல.

இந்நோவு உண்டாகுமாற்றை வைத்திய நூலார் விளக்குவர். இரத்தத்திலே சீனி நெடுங்காலம் மிகுந்திருப்பின், அது நரம்பிழைகளையும், அவற்றை ஊட்டுகின்ற நுண்ணிய குருதிக்குழாய்களையும் பழுதாக்கும். முதுகந்தண்டின் கீழ்ப்பாகத்தினின்று கால்விரல் நுனிவரை செல்லும் இழைகளே உடம்பில் மிக நீண்டவை; அவற்றின் நீளம் ஏறக்குறைய 1 மீற்றர். நீண்ட இழையே முதலிற் கெடும். ஆதலால் இந்நோய் இரு பாதங்களிலும் ஒப்பத் தோன்றி, காலுறை அணிந்தாற்போல மேலேறும். முழங்காலை அணுகுங்காலத்திற் கைவிரல்களிலும் தோன்றும். நரம்பின் கேடு நீரிழிவினால் வருவது என்பதைப் பிரான்சு தேசத்து வைத்தியராகிய மார்ஷல் த கால்வி என்பவர் 1864ஆம் ஆண்டில் எழுதினார். அதற்கு முன்னோ, நரம்பின் கேட்டினாலேயே நீரிழிவு வருகின்றதென்று கருதினோர் இருந்தனர். இங்கிலாந்து தேசத்துப் பேவி என்னும் வைத்தியர் இரவில் மிகுகின்ற இந்நோவையும், கால்களின் விறைப்பையும் 1885ஆம் ஆண்டில் விவரித்தார். நீரிழிவுடையாருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தம் வாழ்நாளில் ஓரளவிலேனும் இந்நரம்புக்கேட்டை அடைவர் என்பது இக்கால வைத்தியர் கருத்து. அவருள் எல்லார்க்கும் நோவு உண்டாவதில்லை. பலர்க்கு விறைப்பு மாத்திரமே உண்டாகும். நம்மைப் போன்ற சிலர்க்கு இரண்டும் உண்டாகும்.

இரண்டும் ஒரே பாதத்தில் இருத்தல் எங்ஙனம் என்று வினாவுதல் இயல்பே. கெடுகின்ற இழை காரணமின்றித் தானே செய்தி அனுப்பும். கெட்டொழிந்த இழை காரணம் உள்ளபோதும் அனுப்பாது. ஆதலால் எரிவு தோன்றும் இடத்தில் நெருப்பில்லை. முள் தைத்த இடத்தில் நோவில்லை. பாடசாலையில் மணியடிக்கும் ஏவலாளன் பித்தேறி, நள்ளிரவில் ஓயாது மணியை அடித்து, பாடம் முடியும் வேளையில் வாளா இருப்பானாயின் எவ்வாறோ, அவ்வாறாயிற்று நம் நிலை. அவனடிக்கும் மணியைக் கேட்டுத் துயிலை இழந்தோம். அவனடியாத மணியால் வேறொன்றை இழந்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நோவென்பது பகையா, காவலா என்னும் வினாவை ஆராய்ந்தவருள் போல் பிரான்ட் என்னும் சத்திர வைத்தியர் ஒருவர். அவர் கிறிஸ்தவ ஊழியரின் மகனாய் 1914ஆம் ஆண்டிற் கொல்லிமலையிலே பிறந்தவர். 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குட்டநோயாளரின் கைகால்களைச் சீர்ப்படுத்தும் தொண்டிற் புகுந்தார். குட்டநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுகின்றன என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அங்ஙனமன்று, நோவுணர்ச்சி அழிந்தமையால் அவர் சுடுகலத்தைப் பற்றுகின்றனர், முள்ளின்மேல் நடக்கின்றனர், காயத்தைக் காயமென்று அறியாது மேலும் புண்படுத்துகின்றனர், அதனாலேயே விரல்களை இழக்கின்றனர் என்று அவர் கண்டார். பின்னர் அமெரிக்காவின் லூசியானா மாகாணத்துக் கார்வில் என்னும் ஊரிலே பணியாற்றிய காலத்தில், நீரிழிவுடையாரின் பாதங்களும் இவ்வாறே கெடுகின்றன என்பதை எடுத்துக் காட்டினார்.

அவர் செய்த பரீட்சை ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிக இயைவது. உணர்ச்சியற்ற கைகால்களுக்குச் செயற்கையாக ஒரு நோவை உண்டாக்க அவர் முயன்றார். அழுத்தம் மிகும்போது ஒலி எழுப்பும் கருவிகளை அமைத்தார். நோயாளர் அவ்வொலியை மதிக்கவில்லை. ஒலிக்குப் பதிலாக மின்னதிர்ச்சியை அமைத்தார். தாம் விரும்பிய வேலையைச் செய்யவேண்டியபோது நோயாளர் அதனை நிறுத்திவிட்டு வேலையைச் செய்தனர். பல வருட முயற்சி பயன்படாது கைவிடப்பட்டது. நம்மாலே நிறுத்தக்கூடிய நோவு நம்மைக் காவாது என்பதே இதனாற் பெறப்படுவது. நோவின் கொடுமையே அதன் காவற்றிறம். 1993ஆம் ஆண்டில் அவர் பிறரொருவருடன் சேர்ந்து எழுதிய நூலில், எவரும் விரும்பாத ஒரு கொடை என்று நோவைக் குறித்தார்.

இதனைப் படித்தபோது, நோவு கொடையாயின் நம் இரவுகளின் எரிவு யார்க்குக் கொடை என்று கசப்புடன் எண்ணினோம். அஃது எதனையும் அறிவியாத நோவு, காவாத காவலன். பிரான்ட் சொன்னது உண்மையே. ஆயினும் நமக்கு வேண்டியது அவ்வுண்மையின் மற்றைப் பாதி. பயனற்ற நோவை என் செய்வது? பொறுத்தல் வேண்டும் என்று நாமே நமக்கு விடைகூறிக்கொண்டோம். அவ்விடையிலே நம் பிழை தொடங்கிற்று, என்னை? பொறுத்தல் என்று நாம் பெயரிட்டது மறைத்தலையே.

நாம் மறைத்தமைக்குக் காரணம் மூன்று. முதலாவது நாணம், சலரோகம் என்றவுடன், இனிப்பை அடக்கமாட்டாதவர் என்று பிறர் எண்ணுவர் என அஞ்சினோம். இரண்டாவது, காட்ட ஒன்றுமில்லாமை. பாதத்தில் வீக்கமில்லை, சிவப்பில்லை. கால் எரிகின்றது என்று சொல்வாரது காலைப் பார்ப்பார்க்கு அது நல்ல காலாகவே தோன்றும். மூன்றாவது காரணமே வலிது: ஆசிரியன் தன் துன்பத்தைப் பேசலாகாது என்றொரு கொள்கையை நாம் உடையோமாயிருந்தோம். நாம் இளமையிற் கற்ற மிசன் பாடசாலையில் ஓராசிரியர் கடுஞ்சுரத்தோடு நின்று கணிதம் கற்பித்து, மணி அடித்தபின்னரே சாய்ந்தார். அவரைப் போற்றினோம், அவரைப்போல ஆதலே ஆண்மை என்று எண்ணினோம். மனைவியார் வினாவியபோது, உறக்கம் வரவில்லை என்றோம். கிளினிக்கில் வைத்தியர் வினாவியபோது, குறையொன்றுமில்லை என்றோம்.

இம்மறைப்பின் பயன் இரண்டாய் விளைந்தது. ஒருநாள் வகுப்பறைச் சுவரிலிருந்த படங்களைக் கழற்றினோம். படங்குத்தும் சிறிய ஆணியொன்று சப்பாத்தினுள் வீழ்ந்ததை அறியோம். அன்று முழுவதும் அதன்மேல் நின்றோம், நடந்தோம். மாலையில் வீட்டிற் சீமெந்து நிலத்திலே செந்நிற அடிச்சுவடுகளைக் கண்டு, "இதென்ன இரத்தம்?" என்றார் மனைவியார். குனிந்து பார்த்தபின்னரே ஆணி இடக்காலின் இரண்டாம் விரலடியில் தைத்திருப்பதைக் கண்டோம். நோவில்லாமையாற் சிறு காயமென்று அலட்சியஞ் செய்தோம். பத்தாம் நாள் துர்நாற்றம் எழுந்தபோது வைத்தியசாலைக்குச் சென்றோம். 23 நாட்கள் அங்கே கிடந்து, அவ்விரலை இழந்து மீண்டோம்.

அங்கே ஒரு வைத்தியர் இசைக்கவை ஒன்றை அதிரச்செய்து, நம் பெருவிரலின் என்பின்மேல் வைத்து, அதிர்வு தெரிகின்றதா என்றார், தெரியவில்லை. பின், 10 கிராம் பாரத்தில் வளைகின்ற நைலோன் இழையொன்றை எடுத்து, கண்களை மூடிக்கொண்டு, தொடும்போது சொல்லும் என்றார். நாம் அவர் இன்னும் தொடங்கவில்லை என்றிருந்தோம். அவரோ பல இடங்களிற் றொட்டு முடித்திருந்தார். எத்தனை காலமாகக் காலில் எரிவு என்று அவர் வினாவியபோது, நான்கு வருடம் என்றோம். ஏன் கூறவில்லை என்று அவர் கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. அவ்விழையால் நம் பாதத்தை ஆண்டுதோறும் சோதித்திருப்பின் விறைப்பை முன்னரே அறிந்து, சப்பாத்தை உதறி அணியும் வழக்கமொன்றினாலே விரலைக் காத்திருக்கலாம்.

இரண்டாவது விளைவு இதனினும் கொடிது. ஏனெனின், இழந்த விரல் நம்முடையது. அதுவோ பிறர் பிள்ளையினது துன்பம். காயம்படுவதற்குச் சில மாதங்களுக்குமுன், முழு இரவும் கண்ணுறங்காது பாடசாலைக்குச் சென்ற ஒருநாள், ஏழாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் முதற் பாடவேளையில் எழுந்து, வயிறு நோகின்றது என்றான். அன்று அவ்வகுப்பிற்குப் பரீட்சை. வயிற்றைப் பார்த்தோம், முகத்தைப் பார்த்தோம், ஒன்றுமில்லை. பொய் என்று சொல்லி, சுவரோரம் நிற்கவைத்தோம். மூன்றாம் பாடவேளையில் அவன் முகம் வெளிறி, சத்திசெய்து, நிலத்தில் இருந்துவிட்டான். அன்றிரவு குடல்வால் அழற்சி என்று அவனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இறைவன் அருளால் அவன் தப்பினான்.

காட்ட ஒன்றுமில்லாத நோவை நான்கு வருடம் சுமந்திருந்த நாமே, காட்ட ஒன்றுமில்லாத நோவோடு நம்முன் நின்ற சிறுவனைப் பொய்யன் என்றோம். நோவு கண்ணுக்குத் தோன்றாதென்பதை நம்மினும் நன்கு அறிந்தவர் அப்பாடசாலையில் வேறெவரும் இலர். போர்க்காலத்திற் கால்களை இழந்த நம் நாட்டவருள்ளே பலர், இல்லாத பாதம் நோகின்றது என்று சொல்வதை நாம் கேட்டிருக்கின்றோம்; அது பொய்யன்றென்று வைத்தியர் ஒப்புவர். நோவின் ஆராய்ச்சிக்காக அமைந்த சர்வதேசச் சங்கத்தார் 2020ஆம் ஆண்டில் நோவின் இலக்கணத்தைத் திருத்தியபோது, நோவு ஒவ்வொருவர்க்கும் தத்தம் அனுபவமே என்றும், ஒருவர் தமக்கு நோகின்றதென்று கூறின் அக்கூற்று மதிக்கப்படல்வேண்டும் என்றும் குறித்தனர். இது வைத்தியர்க்கு மாத்திரம் உரியதன்று, வகுப்பறைக்கும் உரியது.

அவன் மீண்டு வந்தபின், வகுப்பிலே அனைவர் முன்னிலையிலும் நம் பிழையைச் சொல்லி அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலைகுனிந்து நின்று, "சேர், அன்றைக்கு உங்களுக்கும் இயலாமற்றானே இருந்தது" என்றான். எப்படி அறிந்தாய் என்றோம். நாம் கரும்பலகையருகே நிற்கும்போது பாதங்களை மாறிமாறித் தூக்குவோம் என்றும், அவ்வாறு தூக்கும் நாட்களில் ஏச்சு விழும் என்பது வகுப்பிலே எல்லார்க்கும் தெரியும் என்றும் கூறினான். நாம் எவர்க்கு மறைத்தோம்? உதவக்கூடிய மனைவிக்கும் வைத்தியர்க்குமே மறைத்தோம். நம் நோவினாற் புண்பட்ட பிள்ளைகட்கு அஃது ஒருநாளும் மறையவில்லை.

திருவள்ளுவர் தவத்தைக் கூறும் அதிகாரத்திலே, தமக்கு வந்த நோயைத் தாங்குதலையும், பிறவுயிர்க்குத் துன்பஞ் செய்யாமையையும் சேர்த்து, இவ்விரண்டுமே தவத்தின் வடிவம் என்றார். இதனை நாம் எத்தனையோ வருடங்களாகக் கற்பித்து வருகின்றோம். முதற்பாதியை நாம் கைக்கொண்டோம் என்று செருக்கியிருந்தோம்; இரண்டாம் பாதியை நோக்கவில்லை. இரண்டையும் ஒருங்குகூறிய கருத்து யாதெனின், தாங்குகின்றேன் என்பவன் அத்தாங்குதலாற் பிறரை வருத்துவானாயின் அது தவமாகாது என்பதே என்று இப்போது கொள்கின்றோம். உள்ளே அடைக்கப்பட்ட நோவு அழிவதில்லை. சினமாகவும், கடுஞ்சொல்லாகவும், பிறரை நம்பாமையாகவும் வேறு வாயிலால் வெளிப்படும்.

ஆயின், நோவைச் சொல்லுதல் கோழைமையன்றோ, பெரியோர் துன்பத்தை வாய்விடாது தாங்கினரன்றோ என்பாராயின், அற்றன்று. திருநாவுக்கரசு நாயனார் சரித்திரத்தைச் சைவப் பாடசாலையில் அறியாத பிள்ளையில்லை. நீற்றறையில் ஏழுநாள் இருந்தும் வாடாதவர். நஞ்சையும், யானையையும், கடலையும் அஞ்சாதவர். அவரே சூலைநோய் வந்தபோது அதனை மறைக்கவில்லை. முதலிலே தமக்கையாராகிய திலகவதியாரிடத்து ஆளனுப்பினார். அவர் வாராராகவே, இரவிலே தாமே சென்று அவரடியில் வீழ்ந்து தம் துன்பத்தைக் கூறினார். திருவதிகையில் இறைவன் திருமுன்னும் அந்நோவின் இயல்பை விரித்துப் பாடினார். நீற்றறையின் பொறுமையும் சூலையின் முறையீடும் ஒருவரிடத்தேயே இருந்தன. ஆதலாற் சொல்லுதல் பொறுமைக்குப் பகையன்று. யாரிடத்து, எதன்பொருட்டுச் சொல்லுதல் என்பதே ஆராயத்தக்கது. அவர் ஊரெங்கும் சென்று புலம்பவில்லை. தமக்கு உதவத்தக்கவரை நாடிச் சென்றார்.

இனி, நோய் முன்வினையின் பயனாதலால், அல்லது உண்டு கெட்டவன் தன் செயலின் பயனாதலால், அதனை வாய்மூடி நுகர்தலே முறை என்பாரும் உளர். மிசன் பாடசாலையில் நாம் யோபு என்பவரின் சரிதத்தைப் படித்தோம். பெருநோயுற்றுச் சாம்பலில் இருந்த அவரைக் காணவந்த நண்பர் மூவர், ஏழுநாள் அவரருகே பேசாது இருந்தனர், அது நன்று. பின் வாய்திறந்து, உன் பாவமே இதற்குக் காரணம் என்றனர். அதற்காக முடிவிலே கடவுளாற் கடியப்பட்டனர். நம் திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாரும் கொடிமாடச் செங்குன்றூரிலே அடியவர்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது, இது அவர் வினை என்று விட்டுச் செல்லவில்லை. வினையென்று அறிந்து வைத்தும் நீங்கும் வழியை நாடாதிருத்தல் குறையென்று உணர்த்தியே திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார். வினையுண்டென்னும் கொள்கை நம்மை நாமே திருத்துதற்கு உரியது. பிறர் புண்ணிற் குத்தும் கோலாதற்கு உரியதன்று.

நம் செயலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல்வகை நீரிழிவுடையார் 1,441 பேரிடத்துச் செய்யப்பட்டு, 1993ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், இரத்தச் சீனியை இறுகக் கட்டுப்படுத்தினோர்க்கு நரம்புக்கேடு ஏறக்குறைய 60 வீதம் குறைந்தது. நம்மவருட் பெரும்பாலார்க்குள்ள இரண்டாம் வகையிலோ அப்பயன் அத்துணைப் பெரிதாகக் காணப்படவில்லை. நன்கு அடங்கி நடந்தும் இந்நோவை அடைந்தவர் உளர். அடங்காது நடந்தும் அடையாதவர் உளர். ஆதலாற் கட்டுப்பாட்டைப் போதிப்போம், குற்றஞ்சாட்டுதலை ஒழிப்போம்.

மருந்தைக் குறித்தும் சில கூறல் வேண்டும். கெட்ட நரம்பைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை இல்லை. நோவைத் தணிக்கும் மருந்துகள் உள்ளன: அமித்திரிப்டிலின், டுலொக்செட்டின், கபாபென்டின், பிரிகாபலின் என்பன. முதலிரண்டும் மனச்சோர்வுக்கும், பின்னிரண்டும் வலிப்புக்கும் வழங்குபவை. பெட்டியிலுள்ள தாளைப் படித்து, வைத்தியர் நம்மைப் பித்தரென்று எண்ணிவிட்டாரோ என்று நாமும் ஒரு மாதம் உண்ணாது விட்டோம், அது பேதைமை. நரம்பின் வீண் செய்தியை அடக்குந் திறம் அவற்றிற்கு உண்மையினாலேயே அவை தரப்படுகின்றன. மயக்கமும் தூக்கமும் சிலர்க்கு வரும். அதனை வைத்தியர்க்குச் சொல்லி அளவை மாற்றலாம். நோவு பாதியாய்க் குறையின் அதனையே வைத்தியர் நல்ல பயனென்று கொள்வர். அப்பாதியும் பலர்க்குக் கிட்டுவதில்லை.

மரக்கறி உண்ணும் சைவர்க்கு இன்னுமொன்று உரியது. நீரிழிவுக்கு வழங்கும் மெட்போமின் என்னும் குளிசையை நெடுங்காலம் உண்பார்க்கு உயிர்ச்சத்து பி12 குறைதல் கூடும். மரக்கறி உணவிலும் அது மிகவும் அரிது. அக்குறைவும் இதுபோன்ற எரிவையும் விறைப்பையும் உண்டாக்கும். அது மருந்தாற் றீர்க்கத்தக்கது. ஆதலாற் கால் எரிவுடையார் அதனைச் சோதிக்கும்படி வைத்தியரைக் கேட்டல் நன்று.

விறைத்த பாதமுடையார் கோயில் வீதியை வலம்வருதலும் எண்ணத்தக்கது. ஆடி ஆவணி மாதங்களின் நண்பகலிற் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து, பாதம் வெந்ததை வீடு சேர்ந்தபின் கண்டவர் உளர். அது பத்தியின் குறையன்று, நரம்பின் குறை. விடியற்காலைப் பூசைக்கு, மணல் குளிர்ந்திருக்கும்போது செல்லின் வழிபாடு குறைவதில்லை. எரிவு தணியும் என்று வெந்நீரிற் கால்வைத்தலும், ஒற்றடமிடுதலும் இதுபோலவே தீங்கு தரும். வெப்பத்தின் அளவை அக்கால் அறியாது. நாமோ இப்போது இரவுதோறும் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்கால்களைப் பார்க்கின்றோம். காலையிற் சப்பாத்தைக் கவிழ்த்து உதறியே அணிகின்றோம். தொடுவுணர்ச்சி இழந்த வேலையைக் கண் செய்கின்றது.

இவையெல்லாம் செய்தபின்னும் நோவில் ஒருபாகம் மிஞ்சுகின்றது. இன்றும் சில இரவுகளில் இரண்டு மணிக்கு எழுந்து கதிரையில் இருக்கின்றோம். அந்த மிச்சத்தை வைத்தியராலும் மனைவியாராலும் வாங்கிக்கொள்ள இயலாது. பொறுத்தல் என்னும் சொல்லுக்கு இடம் இங்கேதான் உண்டு. தீர்க்கத்தக்கதைத் தீர்க்காது சுமத்தல் பொறுமையன்று, மடமை. தீர்க்கத்தக்கதைத் தீர்த்தபின் எஞ்சியதை, பிறர்மேல் ஏற்றாது, உண்மையை மறையாது சுமத்தலே பொறுமை. முன்னே மறைத்த காலத்திலும் இப்பொழுதும் நோவு நோவே. ஆனால் அப்பொழுது நோவோடு தனிமையையும் அச்சத்தையும் பொய்யையும் சுமந்தோம். இப்பொழுது நோவை மாத்திரம் சுமக்கின்றோம். அது குறைந்த சுமையென்று அனுபவத்திற் கண்டோம்.

ஆதலால் நாம் கைக்கொண்ட விதி ஒன்று உண்டு. நோவு உடம்பின் கேட்டோடு தொடர்புடையதாயின் வைத்தியர்க்குச் சொல்லல்வேண்டும். அதனால் நம் கடமை தளருமாயின் அதிபர்க்கும், வீட்டார்க்கு வருத்தம் நேருமாயின் அவர்க்கும் சொல்லல்வேண்டும். பயனொன்றுங் கருதாது இரக்கத்தைப் பெறுதற்பொருட்டே சொல்லத் தோன்றின், அப்போது வாய்மூடல் நன்று. கண்ணுறங்காத இரவின் மறுநாள், முதற் பாடவேளையில், இன்று எனக்குக் கால் நோ, என் குரல் கடுமையாயின் அது உங்கள் பிழையன்று என்று மாணாக்கர்க்கு ஒரு வார்த்தை சொல்கின்றோம். அதனால் அவர் நம்மை இகழ்ந்ததில்லை; அவ்வாறு சொன்ன நாட்களில் நம் குரல் கடுமையாதலும் அரிது.

ஆசிரியர்களே! நம் பாடசாலைகளில் ஒவ்வொரு வகுப்பிலும், காட்ட ஒன்றுமில்லாத நோவோடு ஒரு பிள்ளை இருத்தல் கூடும். ஆசிரியர் அறையிலும் அவ்வாறு ஒருவர் இருத்தல் கூடும். சிலவேளை பொய்சொல்வாரும் இருப்பர். பொய்யனொருவனை நம்பியதனால் நமக்கு வரும் நட்டம் ஒரு பாடவேளை. மெய்யனொருவனை நம்பாமையால் வருவதற்கு அளவில்லை. பொறு என்று பிள்ளைக்குச் சொல்லுமுன், எங்கே நோகின்றது என்று கேட்போமாக. நம்மை நோக்கி அவ்வாறு கேட்பவர்க்கு உண்மையான விடையைக் கூறுவோமாக.